சிபியு சும்மாதான் இருக்கிறது, ஆனாலும் கணினி நகரவில்லை

எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருக்கும் லினக்ஸ் கணினி இப்போது மதியத்திலும் தடங்கல் இல்லாமல் வேலை செய்கிறது. நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த பிரச்சினை இது. என்ன செய்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பழைய கணினி ஒன்றில் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதியாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கணினியைப் பற்றி. 4 கோர் சிபியு, 8 ஜிபி ராம், நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதிலேயே ராம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்க 8 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன், மேலே க்னோம் டெஸ்க்டாப். காலையில் உட்கார்ந்ததும் இருபது முப்பது டேப் திறந்த பிரவுசர், மெயில், இரண்டு மூன்று பெரிய லிப்ரேஆபிஸ் விரிதாள்கள், ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் எல்லாம் திறந்துவிடும். பிரிவில் எல்லாருடைய பிரிண்டும் இந்தக் கணினியின் வரிசை வழியாகத்தான் போகிறது. இரவில் கணினியை அணைத்துவிடுவதால் பேக்கப்பை மதிய இடைவேளையில் ஓடும்படி வைத்திருந்தோம். இத்தனைக்கும் டிஸ்க் ஒன்றே ஒன்று.

புகார் எப்போதும் ஒரே வார்த்தையில்தான் வரும்: "ஹேங் ஆகுது." அதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. அதனால் விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, ஹேங் ஆகும்போதெல்லாம் மணி என்ன, என்ன திறந்திருந்தது, கடைசியாக எதைக் கிளிக் செய்தார் என்று மூன்றே விஷயம் எழுதச் சொன்னேன். அந்தக் கணினியில் வேலை செய்யும் மேடம் பொறுமையாக எழுதினார். ஒரு வரி இப்படி இருந்தது: "தம்பி, மவுஸ் ஓடுது, மத்தது எதுவும் ஓடல." இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக நல்ல தடயம் அதுதான்.

தாள் நிரம்பியதும் ஒரு புகார் நான்காகப் பிரிந்தது. காலையில் கணினியைப் போட்ட முதல் அரை மணி நேரம் மந்தம். மதியம் திரும்பி வந்து திரைப்பூட்டைத் திறந்ததும் மூன்று நான்கு நிமிடம் முழு உறைவு. பென் டிரைவில் நகல் எடுக்கும்போது மற்ற எல்லாம் விக்கி விக்கி நகர்வது. யாராவது பெரிய பிடிஎஃப்பை அச்சுக்கு அனுப்பினால் தட்டச்சு தாமதமாக வருவது. நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஒரே மருந்தைத் தேடிக்கொண்டிருந்தவரை எதுவும் சரியாகாததற்கு இதுவே காரணம்.

மவுஸ் ஓடுகிறது என்ற தகவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் விண்டோஸ் 3.1 காலத்தில் ஒரு நிரல் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு முறை வரும். ஒன்று விட்டுக்கொடுக்க மறுத்தால் மொத்தத் திரையும் நின்றுவிடும். இப்போதைய இயக்க முறைமைகளில் அவற்றின் மையப் பகுதியான கெர்னலே சிபியுவைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறது. அதனால் ஒரு நிரல் சிக்கிக்கொண்டாலும் சுட்டி நகரும், கடிகாரம் ஓடும். இது நல்ல விஷயம்தான். ஆனால் சுட்டி நகர்வதைப் பார்ப்பவர், கிளிக் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி மறுபடி கிளிக் செய்கிறார். அத்தனை கிளிக்கும் வரிசையில் சேர்ந்து, உறைவு விலகியதும் ஒரே கோப்பு ஐந்து முறை திறக்கிறது. ஏற்கெனவே மூச்சு முட்டும் கணினிக்கு இது கூடுதல் சுமை. ஒரு கிளிக், அப்புறம் காத்திருப்பு என்று பழகியதிலேயே உறைவு நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது.

சரி, அளவெடுப்புக்கு வருவோம். காலை மந்தத்தின்போது, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையைத் திறந்தேன். லோட் ஆவரேஜ், அதாவது சராசரிச் சுமை, 7-க்கு மேல். நான்கு கோருக்கு அது அதிகம். ஆனால் சிபியு வரியைப் பார்த்தால் 60 சதவீதத்துக்கு மேல் சும்மா இருந்தது, ஐஓ காத்திருப்பு, அதாவது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம், மட்டும் 30 சதவீதத்தைத் தொட்டது. இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். லினக்ஸில் லோட் ஆவரேஜ் என்பது சிபியுவுக்காக நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்குக்காக அசையாமல் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும்) சேர்த்தே எண்ணுகிறது. 1993-லிருந்தே அப்படித்தான். ஆக, லோட் 7, சிபியு சும்மா என்றால், ஏழு பேர் வேலை செய்யவில்லை, ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அதற்குப் பிறகு என் கேள்வியே மாறியது. யார் அதிகமாக ஓடுகிறார்கள் என்று தேடுவதை விட்டுவிட்டு, யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். பிஎஸ் கட்டளையில் ஒவ்வொரு ப்ராசஸின் நிலையையும் காட்டச் சொல்லி, டி என்ற நிலையில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டினேன். டிஸ்க்குக்காகத் தடைபட்டு நிற்பவை அவை. கூடவே, யார் டிஸ்க்கை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் ஐஓடாப். புதிய கெர்னலில் ஐஓடாப் காட்டும் காத்திருப்பு சதவீதம் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். 5.14 பதிப்பிலிருந்து அந்தக் கணக்கெடுப்பு இயல்பாக அணைந்திருக்கும். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் டாஸ்க் டிலேஅக்ட் என்ற மதிப்பை 1 ஆக்கினால் வந்துவிடும்.

காலை மந்தத்தின் காரணம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. கோப்புப் பெயர்களின் தேடல் பட்டியலைப் புதுப்பிக்கும் வேலை, கோப்பின் உள்ளடக்கத்துக்கு அட்டவணை போடும் சேவை, புதுப்பிப்புகளைச் சரிபார்க்கும் வேலை. மூன்றும் நள்ளிரவிலோ அதிகாலையிலோ நடந்திருக்க வேண்டியவை. கணினி அப்போது அணைந்திருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பு இருந்தால், தவறவிட்ட முறையைக் கணினி எழுந்ததும் ஓட்டிவிடும். அதாவது மேடம் பிரவுசரைத் திறக்கும் அதே நிமிடத்தில் மூன்று வேலைகளும் ஒரே டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் துழாவத் தொடங்குகின்றன.

இங்கே முதலில் கையில் எடுத்தது, ப்ராசஸின் முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ் கட்டளை. எல்லாப் பின்னணி வேலைக்கும் நைஸ் 19. மாற்றம் துளியும் இல்லை. நைஸ் தருவது சிபியு பங்கு. 0-வில் இருக்கும் ப்ராசஸுக்கு எடை 1024, 19-ல் இருப்பதற்கு 15, அதாவது கிட்டத்தட்ட 68-க்கு 1. ஆனால் சிபியுதான் சும்மா இருக்கிறதே, அதில் பங்கு குறைத்து என்ன ஆகப்போகிறது. போட்டி நடப்பது டிஸ்க்கின் முனையில். அடுத்து டிஸ்க் முன்னுரிமைக்கான ஐஓநைஸ் கட்டளையில் ஐடில் வகுப்பைக் கொடுத்தேன். கொஞ்சம் அசைவு தெரிந்தது, போதவில்லை. டிஸ்க்கின் வரிசையை நிர்வகிக்கும் ஷெட்யூலர் எது என்று பார்த்தபோது எம்கியூ டெட்லைன் இருந்தது. சுழலும் டிஸ்க்கில் முன்னுரிமைகளை முழுமையாக மதித்து, ஊடாடும் நிரலுக்கு முதலிடம் கொடுப்பது பிஎஃப்கியூ. அது 4.12 பதிப்பிலிருந்து, 2017 முதல், கெர்னலிலேயே இருக்கிறது. சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் ஷெட்யூலர் கோப்பில் பெயரை எழுதினால் அப்போதே மாறிவிடும். மறுதுவக்கத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்பதற்காக, சுழலும் டிஸ்க் என்றால் பிஎஃப்கியூ என்று சாதனம் இணையும்போது செயல்படும் ஒரு யூடெவ் விதி சேர்த்தேன்.

கூடவே இரண்டு சின்ன வேலை. மூன்று டைமருக்கும் ரேண்டமைஸ்ட் டிலே, அதாவது 2 மணி நேரம் வரை ஏதோ ஒரு தாமதம், கொடுத்தேன். தவறவிட்ட ஓட்டத்துக்கும் இந்தத் தாமதம் பொருந்தும் என்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. அட்டவணை போடும் சேவையிடம், பழைய ஸ்கேன்கள் குவிந்திருக்கும் அடைவைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். அந்த ஸ்கேன்கள் வெறும் படங்கள். உள்ளே தேடுவதற்கு எழுத்தே கிடையாது, வீணாகப் படித்துக்கொண்டிருந்தது. காலைப் பிரச்சினை இத்தோடு முடிந்தது.

மதிய உறைவுதான் உண்மையான வேலையை வாங்கியது. திரைப்பூட்டைத் திறப்பதற்கு முன்பே இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், நினைவக, டிஸ்க் நடமாட்டத்தைக் காட்டும் விஎம்ஸ்டாட்டை 1 நொடி இடைவெளியில் ஓட விட்டேன். அதன் முதல் வரியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அது கணினி துவங்கியதிலிருந்து இதுவரையிலான சராசரி. இரண்டாவது வரியிலிருந்துதான் நடப்பு. மேடம் கடவுச்சொல்லைப் போட்டதும் எஸ்ஐ என்ற நெடுவரிசை, அதாவது ஸ்வாப்பிலிருந்து உள்ளே வரும் அளவு, நொடிக்கு 2500 கேபி அருகில் போய் நின்றது. மேலே ஏறவில்லை, கீழே இறங்கவும் இல்லை. நிமிடக்கணக்கில் அதே எண். பி என்ற நெடுவரிசையில், காத்திருப்பவர்களின் எண்ணிக்கை 5, 6.

2500 கேபி என்பது நொடிக்கு 2.5 எம்பிகூட இல்லை. நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் படிக்கும் டிஸ்க் ஏன் இப்படி ஊர்கிறது என்று தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 7200 சுற்று டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். தேவையான இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லிநொடி. முனை தடம் மாற இன்னும் 8 மில்லிநொடி போலப் பிடிக்கும். ஆக ஒரு சிதறிய வாசிப்புக்கு 12 மில்லிநொடி, நொடிக்கு 80 வாசிப்பு. ஸ்வாப்பிலிருந்து எடுக்கும்போது கெர்னல் ஒரே வீச்சில் 8 பக்கங்களை எடுக்கும். பேஜ் கிளஸ்டர் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 3, அதாவது 2-இன் 3-ஆம் அடுக்கு. பக்கம் ஒன்று 4 கேபி என்றால் வீச்சுக்கு 32 கேபி. எண்பதால் பெருக்கினால் 2560 கேபி. திரையில் தெரிந்த எண் அச்சாக அதுவே. டிஸ்க் பழுதாகவில்லை. அதனால் முடிந்த அளவை அது கொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு, கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸின் நிலைக் கோப்பிலும் விஎம்ஸ்வாப் வரியைக் கூட்டிப் பார்த்தேன். பிரவுசரும் விரிதாளும் டெஸ்க்டாப்பும் சேர்ந்து 600 எம்பி போல ஸ்வாப்பில் கிடந்தன. 600 எம்பியை 2.5-ஆல் வகுத்தால் 240 நொடி, அதாவது 4 நிமிடம். மேடம் தாளில் எழுதியிருந்த நேரமும் அதுவே. இந்த எண்கள் பொருந்தியபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை டிஸ்க்கையே மாற்றிவிடலாமா, இயக்க முறைமையை மறுபடி நிறுவலாமா என்ற பேச்சுதான் போய்க்கொண்டிருந்தது.

எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை, கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்பை நாடும் என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பைக் குறைப்பது. இயல்பாக இருக்கும் 60-ஐ 10 ஆக்கினேன். உறைவு சுமார் இரண்டரை நிமிடமாகக் குறைந்தது. மேம்பாடுதான், தீர்வு இல்லை. அடுத்து, ஒரு விடுமுறை நாளில் மாதிரிக் கோப்புகளை வைத்து ஸ்வாப்பை முழுதாக அணைத்துப் பார்த்தேன். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ராம் நிரம்பியதும் கணினி இன்னும் மோசமாக உறைந்தது. ஸ்வாப் இல்லாவிட்டால் கெர்னல், நிரல்களின் குறியீட்டுப் பக்கங்களை ராமிலிருந்து தூக்கிவிட்டு மறுபடி மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கத் தொடங்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. நெடுநேரம் கழித்தே, நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து பிரவுசரைக் கொன்றது. ஸ்வாப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஸ்வாப்பில் கிடப்பது யார் என்பது தெரிந்துவிட்டது. அவர்களை அங்கே தள்ளியது யார் என்ற கேள்வி பாக்கி. மதிய இடைவேளை நேரம் முழுதும் ராம் பயன்பாட்டை 10 நொடிக்கு ஒரு முறை பதிவு செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டேன். பேக்கப் தொடங்கிய சில நிமிடத்தில் எக்ஸ்இசெட் என்ற சுருக்க நிரல் ஜிபி கணக்கில் ராமை எடுத்துக்கொண்டது பதிவில் தெளிவாகத் தெரிந்தது. பேக்கப் ஸ்கிரிப்டைத் திறந்தால், சுருக்க அளவு 9, எல்லாக் கோரையும் பயன்படுத்து என்று எழுதியிருக்கிறது. எக்ஸ்இசெட்டின் கையேட்டுப் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. இயல்பான அளவு 6-க்கு 94 எம்பி போதும். அளவு 9-க்கு 674 எம்பி வேண்டும். அதுவும் ஒற்றை இழைக்கு (இணையாக ஓடும் ஒரு வேலைக்கு). நான்கு இழை என்றால் அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆள் இல்லாத நேரத்தில் அது ராமைக் கேட்கிறது, அரை மணி நேரமாக யாரும் தொடாத பிரவுசர் பக்கங்களைக் கெர்னல் எடுத்து ஸ்வாப்பில் போடுகிறது. கெர்னலின் பார்வையில் அது சரியான முடிவு.

அந்தப் பேக்கப்பில் பெரும்பகுதி ஸ்கேன் பிடிஎஃப்கள். உள்ளே ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்கள் இருப்பதால் அவை மேலும் சுருங்குவதே அரிது. எக்ஸ்இசெட்டை எடுத்துவிட்டு இசெட்ஸ்டாண்டர்டை அதன் இயல்பு அளவு 3-ல் வைத்தேன். பேக்கப் கோப்பு 10.2 ஜிபியிலிருந்து 11.6 ஜிபி ஆனது. நேரம் 41 நிமிடத்திலிருந்து 9 நிமிடமாகக் குறைந்தது. ராம் தேவை கண்ணில் படாத அளவுக்குப் போய்விட்டது. இந்த ஒரு வரி மாற்றத்தில் மதிய உறைவு 40 நொடிக்கு வந்தது. மற்ற எல்லாவற்றையும் விட இதுவே பெரிய பலன் தந்தது.

மிச்ச 40 நொடிக்கு இசெட்ராம். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஃபெடோரா 33 பதிப்பிலிருந்து இயல்பாகவே வருகிறது. பாதி ராம் அளவுக்கு, 4 ஜிபி என்று வைத்து, முன்னுரிமை 100 கொடுத்தேன். டிஸ்க் ஸ்வாப் கடைசிப் புகலிடமாக அதற்குக் கீழே இருக்கிறது. 4 ஜிபி என்றால் 4 ஜிபி ராம் போய்விடும் என்று அர்த்தமில்லை. அது உள்ளே போகும் தரவின் உச்ச அளவு மட்டுமே. ஒரு மதியம் பார்த்தபோது 1.5 ஜிபி தரவு உள்ளே போய் 450 எம்பி இடத்தில் அடங்கியிருந்தது. இங்கே முனை நகர்வு, சுற்று எதுவும் இல்லை என்பதால் பேஜ் கிளஸ்டரை 0 ஆக்கினேன். ஸ்வாப்பினெஸை இந்த முறை குறைக்காமல் 150-க்கு உயர்த்தினேன். 5.8 கெர்னலிலிருந்து 200 வரை போகலாம். ராமுக்குள்ளேயே ஸ்வாப் இருக்கும்போது, டிஸ்க்கிலிருந்து கோப்பைப் படிப்பதை விட ஸ்வாப்பிலிருந்து எடுப்பது மலிவு என்று கெர்னலுக்குச் சொல்வதுதான் 100-க்கு மேற்பட்ட மதிப்பு. கடவுச்சொல் போட்டதிலிருந்து விரிதாளில் முதல் எழுத்து விழும் வரை ஸ்டாப்வாட்சில் 6 நொடி.

அதன் பிறகு வேலிகள். பேக்கப்பை ஒரு சிஸ்டம்டி சேவையாக மாற்றி, மெமரி ஹை (ராம் எல்லை) 1 ஜிபி, சிபியு எடை 20, ஐஓ எடை 10 என்று வைத்தேன். எடைகளின் இயல்பு மதிப்பு 100. மெமரி ஹை வைப்பதில் வெளியே தெரியாத ஒரு நன்மை உண்டு. பேக்கப் படிக்கும் கோப்புகளின் கேஷும் (ராமில் வைக்கப்படும் நகலும்) அந்தச் சேவையின் கணக்கிலேயே சேருவதால், அது தன் எல்லைக்குள்ளேயே பழையதைத் தூக்கிப் புதியதை வைத்துக்கொள்கிறது. மற்றவர்களின் கேஷைத் துடைப்பதில்லை. பயனர் அளவில் ஓடும் சேவைக்கு ஐஓ எடை இயல்பாகக் கிடைக்காது. நினைவகக் கட்டுப்பாடு கிடைக்கும். அதனால் பேக்கப்பை சிஸ்டம் அளவில் வைக்க வேண்டியிருந்தது. பிரவுசரையும் சிஸ்டம்டி ரன் வழியாக ஓர் எல்லைக்குள் திறக்கும்படி மாற்றினேன். முதலில் 2.5 ஜிபி வைத்தபோது பிரவுசர் தன் எல்லையிலேயே முட்டி முட்டித் திணறியது. 3.5 ஜிபியில் அமைதியாக இருக்கிறது. எல்லையைத் தீர்மானிக்கும் முன்பு ஒரு நாள் முழுதும், சேவைவாரியாகக் காட்டும் சிஜிடாப்பில் உண்மையான பயன்பாட்டைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

மாற்றம் உண்மைதானா என்று பார்க்க பிஎஸ்ஐ என்ற அளவீடு கைகொடுத்தது. 4.20 கெர்னலில் வந்தது. ப்ராக் அடைவில் பிரஷர் என்ற துணை அடைவில் சிபியு, மெமரி, ஐஓ என்று கோப்புகள் இருக்கும். சில லினக்ஸ் வகைகளில் துவக்க வரியில் பிஎஸ்ஐ=1 என்று சேர்த்தால்தான் தெரியும். மெமரி கோப்பில் ஃபுல் என்ற வரி, கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் எல்லாரும் நினைவகத்துக்காகவே நின்றிருந்தார்கள் என்று சொல்கிறது. காத்திருப்பையே நேரடியாக அளக்கும் எண். பழைய நிலையில் மதியம் 10 நொடிச் சராசரி 60-ஐத் தாண்டியது. இப்போது 1-ஐத் தொடுவதே அபூர்வம்.

பென் டிரைவ் விஷயம் தனிக் கதை. பெரிய கோப்பை நகல் எடுத்தால் முன்னேற்றப் பட்டை சில நொடியில் முடிந்துவிடும். ஆனால் எடுக்கலாம் என்ற செய்தி வரவே வராது. அந்த நேரத்தில் விரிதாளைச் சேமித்தால் அதுவும் நிற்கும். அவசரத்தில் உருவி எடுத்த பென் டிரைவில் கோப்பு பாதியாக இருந்ததும் நடந்திருக்கிறது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ராமில் சேர்த்து வைக்கும். கைவசமுள்ள நினைவகத்தில் 10 சதவீதம் சேர்ந்ததும் பின்னணியில் எழுதத் தொடங்கும், 20 சதவீதத்தைத் தொட்டால் எழுதுகிற நிரல்களையே நிறுத்தி வைக்கும். இந்தக் கணினியில் அந்த 20 சதவீதம் கிட்டத்தட்ட 1 ஜிபி. எங்களிடம் இருக்கும் பென் டிரைவின் எழுதும் வேகம் நொடிக்கு 5 எம்பி. 1 ஜிபி இறங்க 200 நொடி. பட்டை நகர்ந்தது ராமுக்கு, பென் டிரைவுக்கு இல்லை.

எழுதாமல் ராமில் சேரும் தரவின் உச்ச அளவான டர்ட்டி பைட்ஸை 64 எம்பி, பின்னணி அளவை 16 எம்பி என்று பைட் கணக்கில் வைத்தேன். பைட் மதிப்பைக் கொடுத்ததும் சதவீத மதிப்பு 0 என்று காட்டும். ஒன்று இருந்தால் மற்றது இல்லை, அது சரிதான். இப்போது பட்டை மெதுவாக நகர்கிறது, முடிந்தது என்றால் பதினைந்து நொடிக்குள் உண்மையாகவே முடிகிறது. உள் டிஸ்க்கில் பெரிய கோப்பை நகர்த்துவது ஒரு துளி மெதுவானது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அச்சுப் பிரச்சினையில்தான் காலையில் பலிக்காத நைஸ் பலித்தது. பெரிய பிடிஎஃப்பைப் பிரிண்டருக்கு ஏற்றபடி படமாக்கும் வடிகட்டி நிரல் உண்மையாகவே சிபியுவைத் தின்கிறது. டாப்பில் அது 100 சதவீதத்தில் நின்றது, ஐஓ காத்திருப்பு 0. அச்சு வரிசையை நிர்வகிக்கும் கப்ஸ் அமைப்பில் ஃபில்டர்நைஸ் மதிப்பை 15 ஆக்கினேன். ஒரு வரி, அவ்வளவுதான். தட்டச்சு தாமதம் போய்விட்டது, அச்சு வரும் நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொரு சின்ன மாற்றம், ஆனால் கோப்புகளைக் காப்பாற்றியது. ஒரு விண்டோ 5 நொடி பதில் சொல்லாவிட்டால் க்னோம், நிரலை மூடவா அல்லது காத்திருக்கவா என்று கேட்கும். உறைவில் எரிச்சலாக இருப்பவர் மூடு என்பதைத்தான் அழுத்துவார், சேமிக்காத வேலை போய்விடும். க்னோமின் விண்டோ மேலாளரான மட்டர் அமைப்பில் செக் அலைவ் டைம்அவுட் மதிப்பு மில்லிநொடியில் 5000 என்று இருக்கும். அதை 30000 ஆக்கினேன். லிப்ரேஆபிஸின் தானியங்கி மீட்புச் சேமிப்பையும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்தேன். கூடவே எர்லிஓஓஎம் நிறுவி, நினைவகம் கடைசிக்கு வந்தால் பிரவுசர் டேப்பை முதலில் எடு, விரிதாளைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை அதற்கு வேலை வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற அனுமதி கிடைத்தது, மாற்றினேன். யூடெவ் விதி சுழலும் டிஸ்க்குக்கு மட்டும் என்பதால் அது தானாக ஒதுங்கிக்கொண்டது. கணினி துவங்கும் நேரம் நன்றாகக் குறைந்தது. மதியத்தில் 6 நொடி 2 நொடி ஆனது. முதலிலேயே எஸ்எஸ்டி போட்டிருந்தால் இவ்வளவு தேவையா என்று கேட்டார்கள். காலை மந்தமும் மதிய உறைவும் பெருமளவு மறைந்திருக்கும். பென் டிரைவ் எழுதும் வேகமும், அச்சு வடிகட்டி தின்னும் சிபியுவும், சேமிக்காமல் மூடப்பட்ட விரிதாளும் அப்படியே இருந்திருக்கும். எக்ஸ்இசெட் ஒவ்வொரு மதியமும் புது எஸ்எஸ்டியில் நூற்றுக்கணக்கான எம்பி ஸ்வாப் எழுதிக்கொண்டே இருந்திருக்கும்.

அடுத்த கணினிக்கு வரிசையை மாற்றுவேன். தாளும் பிஎஸ்ஐ பதிவும் முதல் நாளிலேயே தொடங்கும். எந்த மதிப்பையும் மாற்றும் முன்பு டைமர் பட்டியலையும் பேக்கப் ஸ்கிரிப்டையும் படித்துவிடுவேன். ஸ்வாப்பினெஸ் கடைசியில்தான். சிஸ்கன்ட்ரோல் மதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில், தேதியும் பழைய மதிப்பும் பக்கத்தில் குறிப்பாக எழுதி வைப்பேன். இந்த முறை பாதியில்தான் அப்படிச் செய்யத் தொடங்கினேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகத் திருப்பிப் பார்க்க எளிதாக இருந்தது.

பாக்கி இருப்பது ஒன்று. வீடியோ கூட்டத்தில் திரையைப் பகிரும்போது விரிதாளை உருட்டினால் எதிர்முனையில் படம் தெறிக்கிறது. பிஎஸ்ஐயில் மெமரியும் ஐஓவும் 0, சிபியு கோப்பில் சம் என்ற வரி மட்டும் 30-க்கு மேல் போகிறது. வீடியோவைக் குறியாக்கும் வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் சிபியுவிலேயே நடக்கிறதா என்று அடுத்து பார்க்கப் போகிறேன்.